சேஃப்டி ஒயரில் நின்ற மூத்தார்

மேடை லைட் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: எல்.இ.டி. போர்டில் எது செத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். மல்டிமீட்டரில் பிடிபடாத ஃபால்ட் ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் தணிகாசலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் இதைப் படித்துவிடுவார் என்ற பயம் எனக்கில்லை. தன் பெயர் போட்ட நோட்டீஸைத் தவிர வேறு எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை.

பெஞ்ச் வேலை

நான் குடியிருப்பது கோலார் தங்க வயலில், ஊரிகத்தில். வேலை பெங்களூரில், விழாக்களுக்கு லைட் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில். தங்க வயலில் பாதிப் பேரைப் போல நானும் காலை ரயிலில் தூங்கிக்கொண்டே போய், சாயங்கால ரயிலில் நின்றுகொண்டே வருகிறவள். முன்பு டி.வி. ரிப்பேர் பார்த்தேன். டி.வி. கெட்டால் ரிப்பேருக்குக் கொண்டுவருவதை ஜனங்கள் நிறுத்திய பிறகு லைட்டுக்கு மாறினேன்.

ஷோ முடிந்து திரும்பி வரும் லைட்டுகளைத் திறந்து, துடைத்து, ஃபேன் மாற்றி, சப்ளை போர்டைப் பார்த்து அடுத்த ஷோவுக்கு அனுப்புவதுதான் என் வேலை. எல்.இ.டி. சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். முன்பக்கம் ஆகாது. பின்பக்கம் தோசை ஊற்றலாம். அந்தச் சூட்டை வெளியே தள்ளுகிற ஃபேனில் மேடைப் புகை போய்ப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுக்கில் ஊர்த் தூசி அத்தனையும் வந்து குடியேறும். மூவிங் ஹெட் என்று ஒரு லைட் உண்டு. தலையைத் தானே எல்லாப் பக்கமும் திருப்பிக்கொள்ளும். அதைத் திறந்தால் அது எப்படிப்பட்ட கல்யாணத்துக்குப் போய்வந்தது என்று சொல்லிவிடலாம். ஜிகினா இருக்கும், அட்சதை இருக்கும், காய்ந்த பல்லி இருக்கும். ஒருமுறை பாதி லட்டு இருந்தது. அது எப்படி உள்ளே போனது என்று ஒர்க்‌ஷாப்பில் இன்னும் சர்ச்சை ஓயவில்லை.

பொதுவாக நான் ஷோ நடக்கும் இடத்துக்குப் போவதில்லை. ஒருநாள் ஓனர் போன் செய்தார். அவர் கன்னடக்காரர், என்னோடு பேசும்போது தமிழையும் கொஞ்சம் தொட்டுக்கொள்வார்.

"மேடம், உங்க ஊர்லயே ஷோ. நந்திதுர்க் மைன் பக்கம் கிரவுண்டு. கோயில் விழா, ஆர்கெஸ்ட்ரா. லாஸ்ட் ஷோல ரெண்டு லைட் மக்கர் ஆய்த்து. நீங்க ஸ்பாட்ல இருந்துடுங்க. டிரெயின் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். லீவ் மாதிரி."

ஓனர் 'லீவ் மாதிரி' என்று சொன்னால் அன்றைக்கு இடுப்பு ஒடியும் என்று அர்த்தம். விழாக் கமிட்டித் தலைவர் யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். என் மூத்தார்.

இரண்டு தணிகாசலங்கள்

மூத்தார் வாலிபத்தில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியதோடு அவர் ஷிஃப்டுக்குப் போவது நின்றது. ஷிஃப்டைப் பற்றிப் பேசுவது நிற்கவில்லை. ஊரில் எந்தக் கமிட்டி ஆரம்பித்தாலும் தலைவராகிவிடுவார். வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லை.

நான் கிரவுண்டுக்குப் போனபோது மதியம் தாண்டியிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கட்-அவுட் நின்றுகொண்டிருந்தது. பிளைவுட்டில் ஃப்ளெக்ஸ் ஒட்டி, சவுக்குக் கம்பில் முட்டுக் கொடுத்து, கைகூப்பிச் சிரிக்கும் மூத்தார். விழா அம்மனுக்கு. அம்மனுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு சின்ன ஃப்ளெக்ஸ், அதுவும் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில்.

கட்-அவுட்டுக்குக் கீழே நிஜ மூத்தார் நின்றிருந்தார்.

"இன்னா வசந்தா, எப்படிக் கீது?"

"நல்லா கீது மாமா. மீசைதான் கொஞ்சம் எக்ஸ்ட்ரா."

"பேனர் பாலு பாசத்துல சேத்துட்டான்," என்றார். இல்லாத மீசையைத் தடவிக்கொண்டார்.

மேடைக்குக் குறுக்கே உயரத்தில் ஒரு இரும்புச் சட்டம் போகும். டிரஸ் என்போம். அதில்தான் மூவிங் ஹெட்டுகள் தலைகீழாகத் தொங்கும். இரண்டு பக்கத்துக் கம்பத்திலும் வின்ச் இருக்கும், அதைச் சுற்றினால் டிரஸ் ஏறும், இறங்கும். அதைக் கட்டிய டீமின் மேஸ்திரி சேகர். நல்ல வேலைக்காரன். அவனுக்கு உலகத்தில் இரண்டே விஷயம்தான் முக்கியம், ஒன்று டிரஸ், இன்னொன்று பிரியாணி.

நடுங்கிய லைட்

மேடையில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் மயில் டான்ஸ் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே நின்று, லைட் ஆபரேட்டரிடம் ஒவ்வொரு லைட்டாகத் திருப்பச் சொல்லிப் பார்த்தேன். நடுவில் ஒரு லைட் திரும்பி நிற்கும்போதெல்லாம் நடுங்கியது.

"பெல்ட் லூசுக்கா. இன்னைக்குத் தாங்கும்," என்றான் சேகர்.

தலையைத் திருப்புகிற பெல்ட் லூசானால் தலைதான் நடுங்கும். இங்கே உடம்பே நடுங்கியது. பிள்ளைகளை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு ஏணியைப் போட்டு ஏறினேன். லைட்டை டிரஸ்ஸோடு பிடித்துக்கொண்டிருக்கும் கிளாம்ப்பில் கையை வைத்தேன். ஸ்பேனர் வேண்டியிருக்கவில்லை. போல்ட் விரலிலேயே சுற்றியது.

பயப்பட வேண்டாம், சேஃப்டி ஒயர் இருக்கிறது என்று நினைத்தேன். சேஃப்டி ஒயர் என்பது விரலைவிட மெல்லிய ஸ்டீல் கயிறு. ஒரு முனையில் கொக்கி. டிரஸ்ஸையும் லைட்டின் கைப்பிடியையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி மாட்டிவிடுவோம். கிளாம்ப் கைவிட்டாலும் லைட் அதில் தொங்கும், கீழே வராது. தடவிப் பார்த்தேன். ஒயர் இல்லை. பக்கத்து லைட்டைப் பார்த்தேன். அதிலும் இல்லை. டிரஸ் முழுக்கப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. ஒவ்வொரு லைட்டும் ஒரு சிமெண்டு மூட்டையில் பாதி கனம் இருக்கும். கீழே மயில்கள் ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தன.

போல்ட்டை முறுக்கிவிட்டு இறங்கினேன். சேஃப்டி ஒயரெல்லாம் எங்கே என்று சேகரிடம் கேட்டேன்.

"காலைல நானே மாட்டினேன்க்கா. சத்தியமா," என்றான் சேகர். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. "டிரஸ்ஸைக் கீழ வெச்சிட்டு பிரியாணிக்குப் போனோம். வந்ததும் அப்படியே ஏத்திட்டோம்."

சத்தம் கேட்டுப் பேனர் பாலு வந்தார். அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. ஒத்தாசை செய்தவரின் பெருமைதான் இருந்தது.

"அந்த ஒயருங்களா? நாந்தான் கழட்டினேன். காத்தடிக்கிற பக்கம் கயிறு பத்தல. தலைவர்தான் சொன்னாரு, லைட்டுல சும்மாதானே தொங்குது, எடுத்துக் கட்டிக்கோன்னு."

எல்லோரும் கட்-அவுட்டைப் பார்த்தோம். இடுப்பிலிருந்து பின்பக்கக் கம்பம்வரை என் ஒயர்கள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டி வரிசையாகப் போயிருந்தன. மூத்தார் சிரித்துக்கொண்டிருந்தார். பெரியவரும் சின்னவரும்.

பாக்ஸ் மேல் உட்கார்ந்து பேசியது

எனக்கு வந்த கோபத்தில் நேரே போய் மெயின் பவர் பாக்ஸை ஆஃப் செய்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். குடும்பத்தில் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் உட்கார்ந்தபடியே மரியாதையாகப் பேசினேன்.

"மாமா, ஒயரெல்லாம் கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

"கழட்டிட்டா நான் இன்னா ஆவறது?"

"நீங்க இதோ நிக்கிறீங்களே. அது பிளைவுட்டு."

"என்னை இறக்கிட்டு உன் லைட்டை ஏத்தப் போறியா?" கமிட்டிக்காரர்கள் கூடிவிட்டதால் அவர் குரல் ஏறியது. "சுரங்கத்துல கேஜ் லிஃப்ட்ல ஏறி எத்தினி லெவல் கீழ போனவன் நானு. என்கிட்ட ஒயர் கதை சொல்றியா?"

"அந்தக் கேஜ் ஒத்தை ரோப்பை நம்பியா போச்சு மாமா? ரோப் அறுந்தா பிடிக்கிறதுக்கு சேஃப்டி கேட்ச் இல்ல?"

"இருந்துச்சி. நான் வேலை செஞ்ச வரைக்கும் அதுக்கு ஒருநாளும் வேலை வரல."

"வரலன்னு அதைக் கழட்டி உங்க சைக்கிள்ல மாட்டிக்கினீங்களா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு காரியம் கெட்டது. கூட்டத்துக்கு முன்னால் சிரிப்புக்கு ஆளான மனிதர் இனி ஒரு கொக்கியைக்கூடக் கழற்றவிட மாட்டார் என்று புரிந்தது. "கை வெச்சிப் பாரு," என்று சொல்லிவிட்டு, போய்த் தன் காலடியில் நின்றுகொண்டார். அதாவது பெரியவரின் காலடியில்.

ஓனருக்குப் போன் போட்டேன்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி மேடம். ஒரு ஷோதானே."

"சார், கீழ சின்னப் பசங்க ஆடறாங்க. அதுங்க தலைமேல எதை அட்ஜஸ்ட் பண்றது?"

 அவருக்கும் டான்ஸ் கிளாஸ் போகிற பெண் ஒன்று இருக்கிறது. "ஃப்ளோர்ல வெச்சிடுங்க," என்றார்.

சேகரின் ஆட்கள் டிரஸ்ஸை இறக்கினார்கள். லைட்டையெல்லாம் கழற்றி மேடையின் முன்விளிம்பில் வரிசையாகத் தரையில் வைத்தோம். மேலே வெறும் சட்டம்தான் போனது. நான் பாக்ஸிலிருந்து எழுந்து ஸ்விட்சைப் போட்டேன்.

கீழிருந்து வெளிச்சம்

முகத்துக்குக் கீழிருந்து லைட் அடித்தால் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று தெரிய வேண்டுமானால், தாடைக்கு அடியில் டார்ச் பிடித்துக் கண்ணாடி பாருங்கள். பாடகரின் மூக்குத் துவாரம் இரண்டும் கடைசி வரிசைவரை தெரிந்தது. மயில்களாவது பரவாயில்லை, காலும் தோகையும் ஜொலித்தன. அப்புறம் மூத்தார் பேச வந்தார். கன்னத்தில் பச்சை, புருவத்துக்கு மேலே இருட்டு. "அன்பார்ந்த பொதுமக்களே," என்று வாயைத் திறந்ததும் முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. நான் ஆபரேட்டரிடம் கலரை மாற்றச் சொன்னேன். அவர் சிவப்புக்கு மாற்றினார். இன்னும் இரண்டு குழந்தைகள் சேர்ந்துகொண்டன.

அந்தச் சமயத்தில் காற்று வந்தது. இங்கே தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சயனைட் மண்மேடுகள் பக்கமிருந்து காற்று கிளம்பினால் முதலில் கண்ணில் மண், அப்புறம்தான் மற்றதெல்லாம். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். டப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. கட்-அவுட்டின் கயிறுகள் அறுந்துகொண்டிருந்தன. மூன்று மாடி மூத்தார் கைகூப்பியபடியே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் சாய்ந்தார்.

சாய்ந்தவர் பாதியில் நின்றார். பிடித்து நிறுத்தியவை என் சேஃப்டி ஒயர்கள்.

கட்-அவுட் நின்ற பக்கம் இருட்டு. கீழே இருந்த பெண்களுக்கு மேலே என்ன தொங்குகிறது என்றே தெரியவில்லை. "எல்லா லைட்டையும் அந்தப் பக்கம் திருப்பு, வெள்ளை போடு," என்று கத்தினேன். தரையிலிருந்த அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. வெளிச்சத்தில் அண்ணாந்து பார்த்ததும் நாற்காலிகள் ஒரே மூச்சில் காலியாயின. சேகரின் ஆட்கள் சரக்குக் கட்டுகிற பெல்ட்டுகளைக் கொண்டுபோய்ச் சுற்றி, இழுத்துப் பிடித்து, மெல்ல மெல்ல மூத்தாரைத் தரையில் மல்லாத்தினார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

எனக்கு அதற்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. அந்த முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி என் ஓர்ப்படி, மூத்தாரின் மனைவி. மத்தியானம் மூத்தார் மட்டும் என் பேச்சைக் கேட்டு ஒயரை எல்லாம் கழற்றிக் கொடுத்திருந்தால், நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய் லைட்டில் மாட்டியிருப்பேன். அந்தக் கட்-அவுட்டை எது பிடித்துக்கொண்டிருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசித்திருக்க மாட்டேன்.

மூத்தார் பக்கத்தில் வந்து நின்றார். 'பாத்தியா, கட்டினது நல்லதாப் போச்சு' என்று ஆரம்பிப்பார் என்று காத்திருந்தேன்.  ஆனால் அவர் வேறு கேட்டார்.

"அந்த லைட்டு நெஜமாவே வுழுந்திருக்குமா வசந்தா?"

"தெரியல மாமா. போல்ட்டு விரல்லயே சுத்துச்சி."

"பசங்க இருந்தாங்க இல்ல," என்றார். அப்புறம் மல்லாந்து கிடந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார், தங்க வயலில் அடித்த காற்றுக்கு அசையாமல் நின்ற ஒரே ஆள் தணிகாசலம்தான் என்று.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் இதிலிருந்து சொல்வது இவ்வளவுதான். அன்றைக்கு நான் சொன்னது சரி. நான் சொன்னபடி நடந்திருந்தால் என் ஓர்ப்படி ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பாள். இரண்டும் உண்மை. எடுக்கக் கூடாத இடத்திலிருந்து ஒருவர் ஒயரை எடுத்திருந்தாலும், திருப்பிப் பிடுங்குவதற்கு முன்னால் அது இப்போது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அதற்கு மாற்று ஒன்றைக் கட்டுங்கள். கட்டி முடித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள். சண்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.