நின்று பார்த்து வாங்கிய படகு

என் கொழுந்தனுக்குக் கடலைப் பற்றித் தெரிந்ததெல்லாம், பள்ளி விடுமுறைக்கு லுமுட் பக்கம் போய் மணலில் உட்கார்ந்து கோழி சுட்டுத் தின்றது மட்டும்தான். அந்த மனுஷன்தான் என் படகைத் தேர்ந்தெடுத்தார். என் படகை! கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் கால் வீங்க நின்று சேர்த்த சேமநிதியில் நான் வாங்கிய படகை. இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது பத்து காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துக்குப் பின்னால் ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகள். பெண்கள் நாங்கள் கரையில் தூண்டில் போடுவோம். ஆண்கள் எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டி மிதவை செய்து, அதன்மேல் நின்று வலை வீசுவார்கள். யார் தடுமாறாமல் நிற்கிறானோ அவன் கெட்டிக்காரன். மீன் வந்ததா இல்லையா என்று எவனும் கேட்டதில்லை, நின்றானா என்பதுதான் பேச்சு. என் கணவரும் கொழுந்தனும் அதே தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் மரம் போய் செம்பனை வந்து, தோட்டத்தை விட்டு எல்லோரும் ஈப்போவில் வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் புத்தி மட்டும் கூடவே வந்துவிட்டது.

எனக்குக் கடல் பழக்கமானது தொழிற்சாலையால்தான். என்னோடு வேலை செய்த மலாய்த் தோழியின் கணவர் கோலா செப்பெத்தாங்கில் படகு ஓட்டுபவர். லீவு நாட்களில் நாங்கள் நாலைந்து பெண்கள் சேர்ந்து போவோம். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் பின்னால் போய் உட்கார்ந்து இஞ்சின் கைப்பிடியைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஆறு வருடம். நீர் எப்போது ஏறும், எப்போது வடியும், வடிகிற நீரைக் காற்று எதிர்த்து அடித்தால் கழிமுகத்தில் அலை எப்படி நட்டுக்கொண்டு நிற்கும் என்பதெல்லாம் கையால் பழகியது. வீட்டில் இதைச் சொன்னால் "ஆமா ஆமா" என்பார் என் கணவர். கண் டிவியில் இருக்கும்.

ஓய்வு பெற்றதும் எனக்கு ஒரே ஆசை. ஒரு படகு, நான் ஓட்ட. வரிசை வீட்டு வாசலில் ஒன்றைத்தான் நிறுத்த முடியும், அதனால் அந்த ஒன்றே செண்டெரோ ஏரிக்கும் போக வேண்டும், கடலோரத்துக்கும் போக வேண்டும். பதினாலு அடி இருந்தால் போதும். மூக்கு கூராக இருக்க வேண்டும். பக்கங்கள் உயர்ந்திருக்க வேண்டும். இஞ்சின் நான் தனியாகக் கயிறு இழுத்துக் கிளப்பும் அளவில் இருக்க வேண்டும். எங்கள் பழைய பிக்கப் இழுக்கிற எடையாக இருக்க வேண்டும். இவ்வளவையும் யோசித்து வைத்திருந்தவள், வாங்கப் போன அன்று என்ன செய்தேன்? கணவரைக் கூட்டிப் போனேன். அவர் தம்பியைக் கூட்டி வந்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதைதான்.

பூசிங் போகிற வழியில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், படகுப் பட்டறை. எங்களுக்கு ஏற்ற மாதிரி இரண்டு படகுகள் இருந்தன. ஒன்று நான் நினைத்தது போலவே கூர்மூக்கு, உட்கார்ந்தால் முழங்கை வைக்கலாம் போல உயர்ந்த பக்கம். இன்னொன்று அடி சப்பை, பக்கம் தாழ்வு, கட்டில் மாதிரி அகலம்.

"அண்ணே, எங்க போகும்? ஏரியா, லாவுட்டா?" என்று தவுக்கே கேட்டார். ஏரிக்கா கடலுக்கா என்பது கேள்வி. கேட்டது என் கணவரை.

"ரெண்டுக்கும்" என்றேன் நான்.

"ரெண்டும் போனா இது நல்லா" என்று தவுக்கே கூர்மூக்கைத் தட்டிக் காட்டினார். அதையும் என் கணவரிடமே சொன்னார். அந்த மட்டில் சரியானதைச் சொன்ன ஒரே ஆண் அவர்தான்.

கொழுந்தன் விடுவாரா? பின்னால் இருந்த ஈயக் குட்டையில் இரண்டையும் இறக்கச் சொன்னார். முதலில் கூர்மூக்கில் ஏறி நடுவில் நின்று, வலை வீசுகிற மாதிரி இடுப்பைத் திருப்பினார். படகு சாய்ந்தது. அடுத்து சப்பையில் ஏறி அதே மாதிரி திருப்பினார். அது குட்டையில் ஆடாமல் அசையாமல் கிடந்தது.

"பாத்தீங்களா அண்ணே? தரையில நிக்கிற மாதிரி இருக்கு லா! இதுதான் போட்டு. நின்னு வலை வீசலாம்."

"தம்பி, இது குட்டை. கடல்ல அலை வந்தா இந்தச் சப்பை அடி தண்ணிய வெட்டாது, மேல ஏறி ஏறி அடிக்கும். பக்கமும் தாழ்வு, தண்ணி உள்ள வரும்" என்றேன்.

"அண்ணி, உங்களுக்கு போட்டு வேணுமா, பல்லாக்கு வேணுமா?" என்று சிரித்தார். தவுக்கேயும் மரியாதைக்குச் சிரித்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தம்பியைப் பார்த்தார். "தம்பி நின்னு பாத்துட்டான்ல, தாப்பா லா, இதையே எடுத்துக்க" என்றார். பரவாயில்லையாம்! கையெழுத்துப் போட்டது நான்தான். அன்றைக்கு என்னை யாரும் கட்டிப்போடவில்லை. நாலு பேர் முன்னால் சண்டைக்காரி என்று பெயர் வாங்க வேண்டாமே என்று பேனாவை எடுத்தேன். அந்தக் கோபம் என்மேலும் உண்டு.

வீட்டு வாசலில் டிரெய்லர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, படகின் நெற்றியில் சந்தனம் வைத்தோம். மாலை போட்டது கொழுந்தன். செண்டெரோ ஏரியில் இஞ்சினைப் பிடித்ததும் கொழுந்தன். நான் முன்னால் உட்கார்ந்து மீன் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், ஏரியில் அந்தப் படகு நன்றாகத்தான் போனது. அவர் நின்று வலை வீசினார், நாலு மீனும் வந்தது. "என்ன அண்ணி, இப்பவும் பல்லாக்கு வேணுமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் மீன் பெட்டியின் மூடியை அறைந்து மூடினேன்.

மூன்றாவது வாரம் கோலா செப்பெத்தாங். காலை பத்து மணி, நல்ல வெயில். நீர் வடிந்துகொண்டிருந்தது, கடல் பக்கமிருந்து காற்று எழும்பியிருந்தது. "இன்னைக்கி வெளிய வேணாம், கண்டல் காட்டுக்குள்ள ஓடையிலேயே போடலாம், கொடுவா இருக்கும்" என்றேன். கொழுந்தன் காதில் வாங்காமல் கடலைப் பார்த்து இஞ்சினை முடுக்கினார். மிதவைச் சட்டையை மடித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார், மெத்தையாம். நான் என்னுடையதைப் போட்டு வாரையும் இறுக்கிக்கொண்டேன். என் கணவர் இரண்டுக்கும் நடுவில், போட்டும் போடாமலும்.

கழிமுகம் தாண்டியதும் முதல் அலை படகின் சப்பை அடியில் மோதியது. பலகையால் முதுகில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டாவது அலை மூக்குக்கு மேல் ஏறி என் மடியில் கொட்டியது. மூன்றாவதுக்குக் கொழுந்தன் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. எழுந்து நின்றார். பயம் வந்தால் உட்காரத்தானே தோன்றும்? இவருக்கு நிற்கத்தான் தோன்றியது. நின்றுகொண்டே கைப்பிடியைத் திருப்ப, படகு அலைக்குக் குறுக்கே போய் நின்றது. தாழ்ந்த பக்கத்தின் வழியாகக் கடல் உள்ளே வந்தது. கணுக்கால், பிறகு கெண்டைக்கால்.

"உக்காருங்க! மூக்க அலைக்குக் காட்டுங்க!" என்று கத்தினேன்.

"நீங்க சும்மா இருங்க அண்ணி!"

அடுத்த அலைக்கு மீன் பெட்டி கடலில் போனது. அப்போதுதான் என் கணவர் வாய் திறந்தது. "டேய், குடுத்துருடா அவகிட்ட! அவளுக்குத்தான்டா தெரியும்!"

தவழ்ந்து பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடுங்கினேன். கொழுந்தன் படகுக்குள் தேங்கிய தண்ணீரிலேயே உட்கார்ந்து பக்கத்தைக் கட்டிக்கொண்டார். வேகத்தைக் குறைத்து மூக்கை அலைக்கு நேரே பிடித்தேன். கணவர், காலடியில் மிச்சமாகக் கிடந்த மீன் பெட்டி மூடியால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினார். இரண்டு பெரிய அலைகளை விட்டு, சின்னது வந்த நேரத்தில் திருப்பி, ஓர் அலையின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு கழிமுகத்துக்குள் வந்தேன். கொழுந்தன் படகுத்துறையில் வாந்தி எடுத்துவிட்டு, "இஞ்சின் சரியில்ல, சர்வீஸ் பாக்கணும்" என்றார். அறையலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து அவர் போன பிறகு, நானும் என் கணவரும் வாசலில் குழாய்த் தண்ணீர் அடித்துப் படகிலிருந்த உப்பைக் கழுவினோம். பேச்சை அவர்தான் ஆரம்பித்தார்.

"நீ சொன்னது சரிதான். எனக்கு அப்பவே தெரியும்."

"எப்ப?"

"பட்டறையிலயே. தவுக்கே சொன்னப்பவே தெரியும், நீ சொன்ன போட்டுதான் சரின்னு."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"தவுக்கே முன்னாடி தம்பிய எப்படி விட்டுக்குடுக்கறது?"

குழாயைக் கீழே போட்டேன். முப்பத்திரண்டு வருடமாக நான் நினைத்தது வேறு. பாவம், அவருக்கு இதெல்லாம் புரியாது, காதில் விழாது, அதனால் பேசுவதில்லை என்று. புரியாதவரோடு குடும்பம் நடத்தலாம், மன்னிக்கவும் செய்யலாம். இவருக்குப் புரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புரிந்திருக்கிறது. என் பேச்சு சரி என்று தெரிந்தே, தம்பி முகம் சுருங்கக்கூடாது என்பதற்காக என்னைக் கொண்டுபோய் அந்தப் படகில் உட்கார வைத்திருக்கிறார். தண்ணீர் அவர் காலுக்கு ஏறியதும்தான் எனக்குத் தெரியும் என்பது வாயில் வந்தது.

"நான் செத்திருந்தா?" என்று கேட்டேன். அவர் குழாயை எடுத்து மூடினார்.

அடுத்த திங்கட்கிழமை பிக்கப்பை நானே பட்டறைக்கு ஓட்டிப் போய், சப்பையைக் கொடுத்துக் கூர்மூக்கை மாற்றிக்கொண்டு வந்தேன். யாரும் அதில் நின்று பார்க்கவில்லை. தவுக்கே இந்த முறை கேள்விகளை என்னிடம் கேட்டார், வேறு ஆள் அங்கே இல்லை. கொழுந்தன் எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. அண்ணி மாறிவிட்டார் என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறாராம். சொல்லட்டும்.

மாதம் இரண்டு தடவை கோலா செப்பெத்தாங் போகிறேன். என் கணவர் கூட வருகிறார். டிரெய்லரைப் பின்னால் தள்ள உதவுகிறார், கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார், நான் ஏறி இஞ்சினைக் கிளப்பியதும் கயிற்றை அவிழ்த்து எறிகிறார். ஏறுங்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.