கழுத்தில் தொங்கிய பிராக்கெட்

எங்கள் சாத்தூர்ப் பக்கம் விடிந்த பிறகு ஒருவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஓசூரில் அதற்கு ஆள் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களிடம் உதிரிபாகம் வாங்கும் பெரிய கம்பெனியின் உத்தரவு. திங்கள்தோறும் என் பட்டறையில் ஸ்ட்ரெஸ் வகுப்பு. ஐப்பசிக் குளிரில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக என் ஆட்கள் மூச்சை இழுத்து விடுகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் வாசலில் தொங்குவது என் பெயர்ப்பலகை.

தீபாவளிக்கு முந்தைய திங்களன்று, பெங்களூரிலிருந்து வரும் அந்த டீச்சர் பெண் என்னைக் கேட்டாள்: "சார், இவ்ளோ பிரஷரை எப்படித் தாங்குனீங்க?"

"ஒருத்தனைப் பழிவாங்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா. தெம்பா இருந்துச்சு."

"சாருக்குக் காமெடி ஜாஸ்தி!" என்று சிரித்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் நாராயணப்பாவும் தட்டினான். நான் சொன்ன அந்த ஒருத்தன் அவன்தான்.

நான் ஓசூருக்கு வந்து முதலில் சேர்ந்த கம்பெனியில் அவன் சூப்பர்வைசர். பீஸ் ரிஜக்ட் ஆனால், அதில் கம்பி கோத்துச் செய்தவன் கழுத்தில் மாட்டி கேட்டருகே நிறுத்துவான். போச்சம்பள்ளி, மத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்களெல்லாம் வந்து ஆட்கள் இறங்கி முடியும்வரை நிற்க வேண்டும். ஒரு பிராக்கெட்டில், வண்டிப் பாகத்தைத் தாங்கும் இரும்புத் தகட்டில், எனக்கு போல்ட் துளை மயிரிழை தள்ளிவிட்டது. "ஏய் சாத்தூரான், மாலை நல்லாக்கீதுடா! பொண்ணு எங்கடா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. அந்த பிராக்கெட்டைச் சோற்று டப்பாவில் வைத்து எடுத்துவந்துவிட்டேன். கம்பெனி என்னை வெளியே அனுப்பியபோதும், சொந்தப் பட்டறை போட்டு ஆர்டர் இல்லாமல் கிடந்தபோதும், கொரோனாவில் ஷட்டர் இறங்கியபோதும் அதைத் தொட்டுப் பார்ப்பேன். படித்தவர்களுக்கு மூச்சு, எனக்கு அந்த இரும்பு.

இந்த ஐப்பசியில் அவனே வந்தான். "உக்காந்து செய்ற வேல எதனா இருந்தா குடுங்க." என் முகம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. கொடுத்தேன். பீஸ்களைச் சோதிக்கும் மேசை. அதற்கு நேர் மேலே ஆணி அடித்து, அதே கம்பியில் பிராக்கெட்டைத் தொங்கவிட்டேன்.

டீச்சர் சிரித்த அன்று, வகுப்பு கலைந்ததும் அவன் அந்த பிராக்கெட்டைக் கழற்றி, கேஜ் வைத்து அளந்து பார்த்தான். "தொள தள்ளிக்கீது. எவன்டா போட்டது? எங்க காலமா இருந்தா கழுத்துல மாட்டி கேட்டாண்ட நிக்க வெச்சிருப்பன்!"

பையன்கள் சிரித்தார்கள். நான் போய்க் குல்லாவைக் கழற்றிவிட்டு அவன் முன்னால் கழுத்தைத் தாழ்த்தினேன். "நான் போட்டதுதான். மாட்டுங்க."

"இன்னா மொதலாளி, வெளையாடறீங்க..."

"சாத்தூரான்யா. மாலை நல்லாருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவன் பிராக்கெட்டை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "ஐயா... வேணாங்கையா." நான் நிமிரவில்லை. அவனே ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அன்றைய மத்தியானச் சோற்றைப்போல ருசியாக நான் சாப்பிட்டதில்லை. அவனை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மறந்துவிடுவான்.

தீபாவளிக்கு ஊர் போனபோது பிராக்கெட்டையும் எடுத்துப் போனேன். பழி தீர்ந்தது, கரிசலில் எறிந்துவிடலாம் என்று நினைப்பு. செருப்பைக் கழற்றுவதற்குள் மச்சான் கேட்டான்: "வாங்க ஓசூர்க்காரரே, என்னைக்குத் திரும்புதீக?" ஓசூரில் என்னை இன்னும் சாத்தூரார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எறிய மனம் வரவில்லை.

இப்போது அது என் காரில் கண்ணாடிக்குக் கீழே தொங்குகிறது. பட்டறையில் நாராயணப்பா தினமும் அந்த வெறும் ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். கிருஷ்ணகிரி தாண்டி மேடேறும்போது பிராக்கெட் என் முகத்துக்கு நேரே ஆடுகிறது. மயிரிழை தள்ளிய துளை. எங்கே வைத்தாலும் போல்ட் ஏறாது.