வலையில் வந்த சீனக் கிண்ணம்

வளைகுடாவில் ஓர் அருங்காட்சியகத்தின் சேமிப்பறையில் ஒன்பது வருஷம் துடைக்கிற வேலை பார்த்தேன். அங்கே பீங்கான்களுக்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் பிடிபட்டது. படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பிய வருஷம் அண்ணனின் வலையில் ஒரு கிண்ணம் வந்தது. சிப்பி அப்பியிருந்தது. உள்ளே நீலத்தில் ஒரு பறவை. தூரிகை தயங்கிய இடங்களில் நீலம் கறுத்திருந்தது. அச்சில் போட்டதென்றால் அப்படி வராது. கவிழ்த்தேன். அடி வளையத்தில் பருமணல். கடல் மணலென்று நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை. சூளையிலேயே மெருகோடு உருகி ஒட்டிய மணல் அது. பழைய சீனக் கிண்ணங்களில்தான் அப்படி இருக்கும்.

அண்ணனின் மனைவி, என் மைனி, அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். அது எங்கெங்கே போனதோ. மூன்றாம் நாள் மத்தியானம், அண்ணன் கடலில் இருந்த நேரம், வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

“ஏட்டி, ஆரோ வந்திருக்காவ,” என்று மைனி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்.

இரண்டு பேர். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மற்றவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“கிண்ணத்தைக் காட்டுங்க அக்கா,” என்றார் உட்கார்ந்தவர்.

“அது புதுசு. துபாய்க் கடையில வாங்கினது,” என்றேன். அலமாரியில் கண்முன்னேதான் இருந்தது. அவரே உட்கார்ந்தபடி எட்டி எடுத்துக் கவிழ்த்தார். கட்டைவிரல் நகத்தால் அடி வளையத்தைச் சுரண்டினார். நான் சுரண்டிய அதே மாதிரி. பழம்பொருள் வியாபாரம் தெரிந்தவர் என்று புரிந்தது.

“மணல் சூளையிலேயே ஒட்டியிருக்கே,” என்றார் மெதுவாக. “இதெல்லாம் வீட்ல வச்சிருக்கக் கூடாது. உங்க அண்ணன் தினமும் கடலுக்குப் போறவரு, பாத்துக்குங்க.”

கிண்ணத்தை அவர் கீழே வைக்கவேயில்லை. மைனி வெளியே வந்தாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தி கையிலேயே இருந்தது.

“அத அங்கன வச்சிட்டு எழும்பும்.”

அவர் கத்தியைப் பார்த்தார். வைத்தார். “நாளைக்கு வர்றோம்.”

கார் போனதும் வீட்டைப் பூட்டினோம். அரசாங்கத்திடமே ஒப்படைத்துவிடலாமென்று கிண்ணத்தைத் துவர்த்துத் துண்டில் சுற்றிப் புதுக்கடை வழியாகத் தக்கலைக்குப் பஸ் ஏறினோம். ஒவ்வொரு பிரேக்குக்கும் கிண்ணத்தை வயிற்றோடு அணைத்தேன். அந்தக் கார் பின்னால் வருகிறதா என்று மைனி பின்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

தாலுகா ஆபீசில் கேட்டார்கள்: “எத்தன வருஷம் பழசு?”

“நானூறு இருக்கலாம். அடியில எழுத்து ஒண்ணும் இல்ல, உறுதியா சொல்ல முடியாது.”

‘பழைய கிண்ணம் ஒன்று, நீலப் பறவைப் படம்’ என்று எழுதி ரசீது கொடுத்தார்கள்.

மறுநாள் சொன்னபடியே வந்தார்கள். கதவைத் திறக்காமல் ஜன்னல் கம்பி வழியாக ரசீதைப் பிடித்துக் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார்.

“ஆபீசுல எத்தனை வருஷம்னு சொன்னீங்க?”

“நானூறு.”

“சரியாத்தான் பாத்திருக்கீங்க அக்கா,” என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். அதற்குப் பிறகு வரவில்லை. ஆனாலும் ரொம்ப நாள், அண்ணனின் வள்ளம் கண்ணில் படும்வரை நானும் மைனியும் கரையிலேயே நின்றோம்.