நீரோட்டம் பார்த்த கோவிந்தப்பன்

ஓசூர் பஸ் நிலையத்தில்தான் முனிராஜ் அவனை முதலில் பார்த்தான். கெலமங்கலம் பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் ஓர் ஆளைச் சுற்றி வாய் பிளந்து நின்றது. பாம்பாட்டியாக்கும் என்று எட்டிப் பார்த்தால், பாகலூர் கோவிந்தப்பன். கடலை ஆராயும் பெங்களூர்ப் புரொபசர் ஒருவரிடம் சமையலுக்குப் போனவன். அவரோடு மண்டபம் என்ற ஊரின் கடலோரம் இரண்டு கோடை இருந்துவிட்டு, மேனி கறுத்து, வாய் மட்டும் பெருத்துத் திரும்பியிருந்தான்.

"முதுகுல இரும்பு உருள, அதுக்குள்ள காத்து. வாயில ரப்பர் குழாய். குதிச்சா அடியில பவளப்பாரு, அதான் கடலுக்கடிப் பாறை. கேவுரு கதுரு விரல் விரிச்ச மாதிரி நிக்குது. பாரு முனையில நீரோட்டம் இருக்குதே, அப்பப்பா! ஆளையே உருவிக்கினு போயிடும். அதையே பார்த்துட்டு வந்தவன்டா நானு!"

உள்ளங்கையை விரித்தான். நீரோட்டம் இழுத்தபோது பவளத்தைப் பற்றியதில் கிழிந்த தழும்பு. மெய்த் தழும்புதான். ஊரிலேயே முதல் ஆளாக பி.ஏ. தேறிய முனிராஜ் தடவிப் பார்த்தே ஒப்புக்கொண்டான். பிறந்ததிலிருந்து கோவிந்தப்பனுக்கு வாய்த்த ஒரே உண்மை அது. அதையும் அவன் ஒழுங்காக வைத்துக்கொள்ளவில்லை.

கெலமங்கலம் பக்கம் நீரோட்டம் பார்ப்பவன் என்றால், உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, கிணறு வெட்ட இடம் குறிப்பவன். கடலையே காணாத சனத்துக்கு வேறு நீரோட்டம் ஏது? "உள்ள இறங்கியே நீரோட்டம் பார்த்தவனாம்" என்ற பேச்சு பஸ்ஸுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே முனிராஜின் அத்தை பாப்பம்மா வெற்றிலை பாக்கும் மாலையுமாகக் கோவிந்தப்பன் முன் நின்றாள். புருஷனை இழந்தவள். இருப்பது ஒரு துண்டு மேட்டுக்காடு. இந்த வருஷமும் தண்ணீர் காணாவிட்டால் அதை விட்டுவிட்டுப் பெங்களூரில் சித்தாளாகக் கல் சுமக்க வேண்டியதுதான்.

"நான் பார்த்தது வேற நீரோட்டம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாலை விழுந்த கழுத்து குனியுமா? தேங்காயை வாங்கிக்கொண்டு, கடலில் குதிக்கப் போகிறவன் போலக் கன்னத்தை உப்பிக் காட்டைச் சுற்றினான். ஓரிடத்தில் குதிகாலால் மிதித்தான்.

"அத்தே, இவன் சொல்றது கடல் தண்ணி ஓடறதை. பூமிக்குள்ள ஓடற ஊத்து இல்ல" என்றான் முனிராஜ்.

"தண்ணின்னா தண்ணிதானேடா? பி.ஏ. படிச்சியே, நீ ஒரு சொம்பு தண்ணி காட்டுனியா?"

வெட்டினார்கள். இடுப்பளவுக்குள் கடப்பாரை ணங்கென்றது. கோவிந்தப்பன் மேலிருந்தே வெற்றிலை மென்றான்.

"பாரு வந்துடுச்சா? நல்லதாப் போச்சு. கடல்லயும் பாரை ஒட்டித்தான் நீரோட்டம்."

கிருஷ்ணகிரி அணை வேலையில் வெடி வைத்துப் பழகிய ஆளைக் கூட்டிவந்து வெடித்தார்கள். பாறைக்கு அடியில் பாறை. ஆட்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். கடல் வீரனும் மெல்லப் பஸ் பிடிக்கக் கிளம்பினான். பாப்பம்மா துண்டோடு சேர்த்துப் பிடித்தாள்.

"எங்க போற, கடல் ராசா? உள்ள இறங்கித்தானே பார்ப்பே? இறங்கு. உன் எடம் வேணாம். அதோ, அந்தப் புங்கமரத்துப் பள்ளம், அது நான் சொல்ற எடம். தண்ணி வர்ற வரைக்கும் நீதான் வெட்டணும். களி நான் போடறேன்."

"காத்து உருள கொண்டாரட்டுமா அண்ணா?" என்று யாரோ கேட்க, காடே சிரித்தது. கோவிந்தப்பன் முனிராஜைப் பார்த்தான். முனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்து நீட்டினான். பவளப்பாரைப் பிடித்த கைக்குக் கடப்பாரை வந்து சேர்ந்தது; வேறென்ன சொல்ல?

கோவிந்தப்பன் இப்போது பாப்பம்மாவின் இரண்டாவது குழிக்குள், தலை மறையும் ஆழத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறான். மண் ஈரம் காட்டுகிறது. தண்ணீர் இன்னும் வரவில்லை.