அத்தா அடுக்கிய சீட்டுகள்

கையில் சால்டரிங் வாசனை… எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. அந்தக் கையோடுதான் சைக்காலஜி புத்தகத்தைப் புரட்டுவேன். ஆளுமை பற்றிய பாடம் முழுக்க இன்றைக்கும் என் மூக்கில் ஃபேக்டரி வாசனையாகத்தான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை, அஞ்சல் வழியில் பி.ஏ. சைக்காலஜி. ரூம்மேட் மும்தாஜ் கிருஷ்ணகிரிக்காரி. அதே லைனில் எனக்கு எதிர் சீட். வீட்டுக்கார அம்மா தெலுங்கில் திட்டினால் தெலுங்கிலேயே பதில் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

அந்தப் பாடப் புத்தகத்தின் போக்கே எனக்கு வேடிக்கையாக இருக்கும். முதல் அத்தியாயம், உன் மனசுக்கு அடியில் இருப்பதெல்லாம் கசடு என்று பயமுறுத்தும். அடுத்தது எலியையும் நாயையும் காட்டி, நீயும் இப்படித்தான் என்று சொல்லும். நொந்துபோய்ப் பக்கத்தைத் திருப்பினால்… மனிதநேயக் கோட்பாடுகள்!

மனிதன் அடிப்படையில் நல்லவன், அன்பும் மதிப்பும் கிடைத்தால் தானாக வளர்வான் என்று ஒரேயடியாகத் தட்டிக் கொடுக்கும். தேவைகளைப் படிப்படியாகக் காட்டும் ஒரு முக்கோணம். அதன் உச்சிக்குப் போனவர்கள் என்று சில பெரிய மனிதர்கள், பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். இத்தனை புகழ்ந்துவிட்டுக் கடைசியில் 'குறைபாடுகள்' என்று நாலு வரி… மனிதன்மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறார்கள், சோதித்துப் பார்ப்பது கஷ்டம் என்று கவிழ்த்துவிடும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதே பாடத்தில் கட்டம் போட்டு ஒரு சோதனை கொடுத்திருந்தார்களே! குணங்களைச் சீட்டுச் சீட்டாக எழுத வேண்டும். 'நான் இப்போது எப்படி' என்று, ரொம்பப் பொருந்துவதை முதலிலும் பொருந்தாததைக் கடைசியிலும் வைத்து அடுக்க வேண்டும். பிறகு கலைத்துவிட்டு, 'நான் எப்படி இருக்க ஆசை' என்று இன்னொரு தடவை. இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் குறைவு என்றால் மனசு ஆரோக்கியம்.

கம்பெனியில் வீணாகப் போன இன்ஸ்பெக்‌ஷன் டேக் அட்டைகளின் பின்பக்கம்தான் சீட்டு. 'எனக்குப் பயம் அதிகம்', 'நானே முடிவெடுப்பேன்', 'சட்டென்று கோபம் வரும்'… இப்படி ஒரு கட்டு எழுதினேன். சோதனைக்கு ஆள்? மும்தாஜ்தான்.

அவள் அப்போது சிரிப்பை மறந்திருந்த நேரம். அவளை லைன் லீடர் ஆக்கப்போவதாகப் பேச்சு. அதே வாரம் ஊரிலிருந்து சேதி… வேலை போதும், ஞாயிற்றுக்கிழமை அத்தா, அதாவது அவள் அப்பா, வந்து கூட்டிப்போகிறார் என்று.

சனிக்கிழமை சாயங்காலம் பாயில் உட்கார்ந்து அடுக்கினாள். இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றே! எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அடியே, நீதான்டி புக்குல சொல்ற ஆளு!"

"அப்புறம் என்னாத்துக்குடி எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது?"

அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினேன். புத்தகத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

அவளே சீட்டுகளைக் கலைத்தாள். "இரு, இன்னொருக்கா அடுக்கறேன். எங்க அத்தா கண்ணுக்கு நான் எப்படின்னு."

'எனக்குப் பயம் அதிகம்' முதலில் வந்தது. 'நானே முடிவெடுப்பேன்' கடைசிக்குப் போனது. அந்த வரிசையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் காலையில் எதிர்பார்த்ததற்கு முன்பே அத்தா வந்துவிட்டார். மாங்காய் மண்டி வைத்திருப்பவர். அதிகம் பேச மாட்டார். மும்தாஜ் டீ போட உள்ளே ஓடினாள். சீட்டுகள் பாயிலேயே கிடந்தன.

"என்னா பாப்பா இது? சீட்டாடுறீங்களா?"

பதறிப்போய் முழுப் பாடத்தையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்.

"எம்பொண்ணப் பத்தி நான் அடுக்கலாமா?"

மாங்காயைத் தரம் பிரித்துப் பழகிய கை. ஒவ்வொரு சீட்டையும் கொஞ்ச நேரம் வைத்திருந்துதான் கீழே வைத்தார். 'நானே முடிவெடுப்பேன்' சீட்டைத் தயங்காமல் முதலில் வைத்தார். டீ டம்ளரோடு வந்த மும்தாஜ் அப்படியே நின்றுவிட்டாள். ஒரே ஒரு சீட்டு மட்டும் அவர் கையிலேயே இருந்தது. பயம் அதிகம் என்ற சீட்டு.

"அத எங்க வெக்கப் போறீங்க, அத்தா?"

"இது உன்னுது இல்லம்மா. என்னுது."

பிறகு டீயைக் குடித்துவிட்டு ஆரம்பித்தார் பாருங்கள்… "நைட் ஷிப்ட் வேணாம். வெள்ளிக்கெழம ஆனா மண்டிக்குப் போன் பண்ணிரணும். மாசம் ஒருக்கா ஊருக்கு வந்துரணும்." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கூட்டிப்போக வந்தவர் தனியாகவே பஸ் ஏறினார்.

மனிதன் மலர 'நிபந்தனையற்ற ஏற்பு' வேண்டும் என்று புத்தகம் சொல்லும். அத்தா போட்டதோ நிபந்தனைக்கு மேல் நிபந்தனை. புத்தகப்படி அவர் ஃபெயில்தான். ஆனால் அன்று மத்தியானம் படுத்த மும்தாஜ் சாயங்காலம் வரை அசையவில்லை… அப்படி ஒரு தூக்கம்.

இப்போது என் மகள் அதே பாடத்தைப் படிக்கிறாள். புத்தகம் பளபளவென்று இருக்கிறது. முக்கோணத்துக்குக் கலர் வந்திருக்கிறது. குறைபாடுகள் மட்டும் அதே நாலு வரி. ஆளுமை டெஸ்ட் எல்லாம் போனிலேயே முடிந்துவிடுகிறது. எதிரில் யாரும் உட்கார வேண்டியதில்லை.

நேற்று அவளுக்கு அந்த 'நிபந்தனையற்ற ஏற்பு' பகுதியைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. விருதுநகரிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது, அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். ஒரு நிபந்தனையும் போடவில்லை. புத்தகப்படி முழு மார்க்.

ஆனால் அந்தச் 'சரி'க்குள் இருந்தது என்மேல் நம்பிக்கையா, இல்லை எப்படியோ போகட்டும் என்பதா… எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சீட்டுக்கட்டை அவர் கையிலும் ஒரு தடவை கொடுத்துப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவே இல்லை. தோன்றுகிற இன்றைக்கு அப்பா இல்லை.