ஸ்ரீரங்கத்தில் மாற்றி வாங்கிய டேப்

நடந்ததுதான் இது. நம்பாதவர்கள் காட்டூருக்கு வந்து ராசாத்தியையே கேட்டுக்கொள்ளலாம். பகலெல்லாம் செங்கல் சுமக்கிறவளுக்குக் கதை கட்ட நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

அவள் புருஷன் நல்லுசாமி கொத்தனார். ஏழு மாதத்துக்கு முன் சாரம் சரிந்து விழுந்தான். உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. கண்ணைத் திறந்தபடி கட்டிலில் கிடப்பான். ஊட்டினால் விழுங்குவான். அவ்வளவுதான். "அவருக்குப் பிடிச்சதைக் கேக்க விடும்மா, பேச்சு வந்தாலும் வரும்" என்று நர்ஸ் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முன் மைக்செட் வேலை பார்த்தவன் அவன். கேசட் என்றால் உயிர். போனில் பாட்டுப் போட்டால் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

பக்கத்து வீட்டு ஜோதிதான் அவளைப் போனில் ஒரு குரூப்பில் சேர்த்துவிட்டாள். வீட்டில் வேண்டாமென்று கிடக்கும் புத்தகம், பாட்டு, கேம் எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்கள் மாற்றிக்கொள்ளும் குரூப். நல்லுசாமி டிவியில் மாட்டி விளையாடும் வீடியோ கேமைப் படம் எடுத்துப் போட்டாள் ராசாத்தி. மூன்றாம் நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதன் என்பவர் பதில் போட்டார். டேப் ரெக்கார்டரும் பன்னிரண்டு கேசட்டும் இருக்கிறதாம். தங்கை மகனுக்குக் கேம் வேண்டுமாம். ஞாயிறு மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

"இந்தக் காலத்துல கேசட்டுக்கு அலையிற ஒரே ஆளு நீதான்டி" என்று ஜோதி சிரித்தாள்.

"அவரு ஒரு வார்த்தை பேசட்டும். மைக்செட்டையே தலையில தூக்கிட்டு வரேன்."

ஞாயிறு. 3.10.

மேலச் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் கடைசி வீடு. வாசலில் கோலம் இல்லை. காலையில் போட்ட பால் பாக்கெட் படியிலேயே கிடந்தது... வெயிலில் உப்பிப்போய். பேப்பரும் பிரிக்காமல் கிடந்தது.

தட்டக் கை தூக்கினாள். அதற்குள் கதவு திறந்தது.

அறுபது வயது இருக்கும். வேட்டி, பனியன். உள்ளே ஃபேன் ஓடவில்லை. அவர் உடம்பில் ஒரு பொட்டு வியர்வையும் இல்லை.

"காட்டூரா?"

"ஆமாங்க."

டேப்பையும் கேசட்டுப் பையையும் நீட்டினார். கேமை வாங்கிக்கொண்டார். விரல் பட்டது. ஜில்லென்று...

ராசாத்தி தலையைக் குனிந்தாள். படியிலிருந்து ஓர் எறும்பு வரிசை. நேராக அவர் கால்வரை. காலின் மேலும். புறங்கால் கறுப்பாக மொய்த்திருந்தது.

அவர் காலை உதறவே இல்லை.

"போயிட்டு வரேங்க." வாய்ப் பழக்கத்தில் வந்துவிட்டது.

அவர் முகம் மாறியது.

"சொல்லிட்டீங்களேம்மா..."

வீடு வந்து, நல்லுசாமிக்குக் கஞ்சி ஊட்டி, கேசட்டைப் போட்டாள். மணி 6.40. பாட்டு ஓடியது. அவன் தலை மெல்லத் திரும்பியது.

6.47. டக்.

டேப் தானாக நின்றது. கரண்ட் இருந்தது.

நல்லுசாமியின் உதடு அசைந்தது. ஓடிப்போய் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க! ஒரே ஒரு தரம்... சொல்லுங்க!"

"சொல்லிட்டீங்களேம்மா..."

கை தானாக விழுந்தது. அவன் அவளை 'ஏ புள்ள' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலை 9.15. ராசாத்தி வேலைக்குப் போகவில்லை. ரங்கநாதன் நம்பரிலிருந்து போன். பெண் குரல்.

"நான் அவரு தங்கச்சி ஆனந்தவள்ளி, சமயபுரம். நேத்து நீங்க வந்தீங்களா?"

"வந்தேங்க. டேப்பை வாங்கிட்டு, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான்..."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அவர்கிட்டதாங்க."



"கதவு உள்பக்கம் தாப்பா போட்டிருந்துச்சு. இப்பதான் உடைச்சோம். ஞாயித்துக்கிழமை விடியக்காலமே உசுரு போயிருச்சுங்கிறார் டாக்டர். கையில ஒரு கேம் இருக்குங்க... விரலைப் பிரிக்க முடியல."

ராசாத்தி திரும்பி டேப்பைப் பார்த்தாள்.

"எழவு வீட்டுல போயிட்டு வரேன்னு யாராவது சொல்வாங்களா? கூடவே வந்துரும்ங்க. அந்த டேப்பைக் கொண்டாந்து இங்க அண்ணன் வீட்டு வாசல்ல வச்சிட்டு, ஒண்ணும் சொல்லாமத் திரும்பிடுங்க. விட்டுரும்."

டேப்பைத் தூக்கினாள். வாசல்வரை போனாள்.

"சாப்பிட்டீங்களாம்மா?"

கட்டிலில் இருந்து. நல்லுசாமியின் வாய். நல்லுசாமியின் குரல். ஏழு மாதமாக அவள் கும்பிடாத சாமியில்லை, அந்தக் குரலுக்காக.

டேப்பைத் திரும்ப வைத்துவிட்டாள்.

இன்றும் அது அங்கேதான் இருக்கிறது. நல்லுசாமி பேசுகிறான். சமயபுரத்தில் தங்கச்சி எப்படியிருக்கிறாள் என்று கேட்கிறான். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. கட்டிலைச் சுற்றி ராசாத்தி தினமும் எறும்புப் பொடி போடுகிறாள். எறும்பு நிற்கவில்லை.

காலை 7.30க்குத் தூக்குவாளியோடு வேலைக்குக் கிளம்புவாள். கதவைச் சாத்துவாள்.

போயிட்டு வரேன் என்று மட்டும் சொல்வதில்லை.