ஒரு குமிழ் போதும் என்றவர்

பென்சன் எடுத்த இரண்டு பேர் ஒரு விளையாட்டு ரெயிலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சண்டை பிடித்தார்கள் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். என் மனைவிக்கு வந்தது. மற்றவருடைய மனைவிக்கும் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் வரவில்லை.

அந்த இருவரில் ஒருவன் நான். மட்டக்களப்புப் பாதையில் சின்னச் சின்ன ஊர்களில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது செட்டிபாளையத்தில் இருக்கிறேன். மற்றவர் அதே பாதையில் எஞ்சின் ஓட்டியவர். ஓட்டமாவடிக்காரர், என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம், நானும் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னை மாஸ்டர் என்பார். வேலையில் இருந்த காலத்தில் எங்கள் பேச்சு அரை நிமிடத்தைத் தாண்டியதில்லை. அவர் எஞ்சினில் நிற்பார், நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். மிச்சப் பேச்சையெல்லாம் ஓய்வுபெற்ற பிறகுதான் பேசித் தீர்த்தோம்.

சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி ஓட்டமாவடிக்குப் போவேன். ரெயில்காரன் பஸ்ஸில் போகிறான் என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. ரெயில் நேரம் எனக்கு ஒத்துவராது, என்ன செய்வது. அவருடைய வீட்டின் பின்னறையில், முன்பு நெல் மூட்டை அடுக்கிய இடத்தில், பழைய கதவுகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு மேசையாக்கியிருந்தோம். அதன் மேல் தண்டவாளம், வாழைச்சேனை ஸ்டேசன், ஓட்டமாவடிப் பழைய இரும்புப் பாலம், அதற்கு அப்பால் வயல்வட்டை. எஞ்சினும் பெட்டிகளும் கட்டாரில் வேலை செய்யும் மருமகனிடம் அவர் வெட்கப்படாமல் கேட்டு வாங்கியவை. பாலத்தை அவரே பிஸ்கட் தகரத்தில் வெட்டி ஒட்டினார். பாலத்துக்குக் கீழே தண்ணீருக்கு நிறம் பூசுகிற வேலை எனக்கு. நான் நீலம் பூசினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இது எந்த ஊர்த் தண்ணீர் என்று கேட்டார். கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து மறுபடி பூச வைத்தார். இரண்டு கிழமை நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் சொன்ன நிறம்தான் சரி.

ஏன் இந்தப் பாலத்தில் இவ்வளவு பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். ரெயிலும் பஸ்ஸும் ஒரே பாலத்தால் மாறி மாறிப் போன காலத்தில் அதன் மேல் ஓட்டியவர் அவர்.

"முப்பது வருசம் அதுக்கு மேலால போயிருக்கன் மாஸ்டர். என்ட ரெயில் பாலத்தில போறத ஒரு நாளும் பாத்ததில்ல. எஞ்சினுக்குள்ள இருந்தா தண்டவாளம் மட்டும்தான் தெரியும். ஒருக்கா வெளியில நிண்டு பாக்கணும். ஓட்டுறதும் நானா இரிக்கணும்."

அப்போதே அவருக்கு இடது கண் இல்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் தின்றுவிட்டது. வலது கண்ணும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என டாக்டர் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை.

பாலம் முடிந்த கையோடு மாரி தொடங்கியது. ஒருநாள் பின்நேரம் விழுந்த இடியில், ரெயிலோடு வந்த சின்ன மின்பெட்டி கருகிப்போனது. பாலத்தின் மேல் இன்னும் ஒரு தடவைகூட ரெயில் போகவில்லை. புதுப் பெட்டி வேண்டும். மருமகன் இரண்டு மாதத்தில் லீவில் வருகிறார், எது வேண்டும் என்று சொன்னால் கையோடு கொண்டு வருவார். இந்த இடத்தில்தான் நான் மூக்கை நுழைத்தேன்.

பழைய பெட்டி தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும், எஞ்சின் ஓடும். அவ்வளவுதான் அதன் வித்தை. டிஜிட்டல் முறை வேறு. அதில் தண்டவாளத்தில் எப்போதும் கரண்ட் இருக்கும். எஞ்சினுக்குள் நகத்தளவு டிகோடர் ஒன்று இருக்கும், அதற்கு ஓர் இலக்கம். நீங்கள் கையிலிருக்கும் கருவியால் அந்த இலக்கத்தைக் கூப்பிட்டுக் கட்டளை கொடுத்தால் அந்த எஞ்சின் மட்டும் கேட்கும். மெல்ல நகரும், ஹோர்ன் அடிக்கும், உண்மை எஞ்சினைப் போல உறுமும். டிஜிட்டல்தான் வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேதம் இல்லை. சத்தம் போடாத எஞ்சினை எஞ்சின் என்றே சொல்லக்கூடாது என்பது அவருடைய கட்சி. எந்த டிஜிட்டல் என்பதில்தான் சண்டை.

மருமகன் போனில் மூன்று படங்களை அனுப்பினார். முதலாவது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி. நடுவில் திருகுகிற ஒரு குமிழ், பக்கத்தில் நாலைந்து பொத்தான். காக்கா படத்தின் மேல் விரலை வைத்தார். இது காணும், ஒரு குமிழ் போதும், கூட்டினால் ஓட வேண்டும், குறைத்தால் நிற்க வேண்டும், வேறு என்ன என்றார். இரண்டாவது மருமகனுக்குப் பிடித்தது. கருவியே இல்லை, போன் திரையைத் தடவி ஓட்டுவது. கண்ணாடியைத் தடவி எஞ்சின் ஓட்டுகிற நிலைமை தனக்கு வரவில்லை என்று காக்கா அதைத் தள்ளிவிட்டார்.

மூன்றாவதைப் பார்த்ததும் எனக்குச் சபலம் தட்டியது. அது ஒரு பெரிய பெட்டி. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வயர் இழுத்துவிட்டால், எந்தத் துண்டில் எந்த ரெயில் நிற்கிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியும். ஒரு ரெயில் நிற்கிற துண்டுக்குள் இன்னொன்றை அது விடாது. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலையே அதுதான். பார்த்தபோது, என்னை மடித்து ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

எங்களிடம் இருந்ததோ ஒரே ஓர் எஞ்சின். மோதுவதற்கு இரண்டாவது ரெயிலே இல்லாத பாதையில் மோதலைத் தடுக்க ஒருவன் ஆறு கிழமையாக மண்டையைக் குழப்பினான் என்றால் அவனை என்ன சொல்வது? இன்று கேட்கிறேன். அன்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு கொப்பியை எடுத்துக் கேள்விகளாக எழுதினேன். எத்தனை துண்டாகப் பிரிப்பது, ஒரு கம்பனியின் சாமான் மற்றக் கம்பனியின் பெட்டிக்குப் பொருந்துமா, அடுத்த இடிக்கு இது தாங்குமா, உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பிடிக்குமா, பழுதானால் இந்த ஊரில் யார் திருத்துவார்கள். ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் இரண்டு கேள்வி முளைத்தது. பதறாத காரியம் சிதறாது என்று அவருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

கடைசியில் கட்டாரிலிருந்து கோல் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால்தான் வாங்க முடியும், எது என்று சொல்லுங்கள் மாமா என்று மருமகன் கேட்டார். காக்கா போனைக் காதில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விசயம் பாக்கணும் காக்கா. இந்த முறை வேணாம். அடுத்த லீவுக்குக் கொண்டு வரட்டும்" என்றேன்.

அவர் அதை அப்படியே போனில் சொன்னார். ஒரு வார்த்தை எதிர்க்கவில்லை. ஏன் எதிர்க்கவில்லை என்பது ரெயில்காரர்களுக்கு மட்டும்தான் விளங்கும். எங்களுடையது ஒற்றைப் பாதை. ஒரு ஸ்டேசனுக்கும் அடுத்த ஸ்டேசனுக்கும் இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரெயில்தான் போகலாம். அடுத்த ஸ்டேசன்காரன் பாதை காலி என்று சொன்ன பிறகுதான், டேப்லெட் என்கிற வட்டத் தகட்டை ஸ்டேசன் மாஸ்டர் எடுத்து டிரைவரின் கையில் கொடுப்பான். அது கைக்கு வராமல் டிரைவர் நகரமாட்டான். கண்ணெதிரே பாதை வெறுமையாகக் கிடந்தாலும் நகரமாட்டான். முணுமுணுப்பான், ஹோர்ன் அடிப்பான், ஆனால் நிற்பான். அந்தப் பழக்கம் அவருக்கு எலும்பில் ஊறியிருந்தது. கொடுக்காமல் வைத்திருக்கிற பழக்கம் எனக்கு ஊறியிருந்தது. பொம்மை ரெயிலில் நாங்கள் இரண்டு பேரும் அந்த உத்தியோகத்தைத்தான் பார்த்தோம்.

அவர் மனைவியைக் கூப்பிட்டு, மாஸ்டர் என்னை ஸ்டேசனுக்கு வெளியே மறித்து வைத்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே முறைப்பாடு சொன்னார். நானும் சிரித்தேன்.

மருமகன் வந்தார், பேரீச்சம்பழமும் சவர்க்காரமும் கொண்டு வந்தார், திரும்பிப் போனார். அதற்கடுத்த மாதங்களில் வலது கண்ணுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியது. லேசர் அடித்தார்கள். ஒரு தடவை நானும் கிளினிக்குக்குக் கூடப் போனேன். ஒரு சனிக்கிழமை, மேசையை யாரோ நகர்த்திவிட்டார்கள் என்று கோபப்பட்டார். யாரும் நகர்த்தவில்லை. நோன்புப் பெருநாளுக்கு நான் போனபோது வாசலில் என் செருப்புச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆளை அடையாளம் கண்டார். அவருடைய மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், வட்டிலப்பம் கொண்டு வந்து வைத்தார். ராத்தா காக்காவின் கையைப் பிடித்துக் கரண்டியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்த பிறகு என் தட்டை நகர்த்தி வைத்துவிட்டேன். பின்னறைக் கதவு சாத்திக் கிடந்தது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று, தாமதமாக வருகிறவர்களை எல்லாம் எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன். இப்போது அந்தப் பழமொழி என் வாயில் வருவதில்லை.

அடுத்த லீவுக்கு முன் மருமகன் எனக்கே கோல் எடுத்தார். எந்தப் பெட்டி என்று கேட்டார். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. தெரியாத கண்ணுக்குத் திரை எதற்கு, வயர் எதற்கு. குமிழ் உள்ளதைக் கொண்டு வாருங்கள் தம்பி என்றேன். முதன்முதலில் அவர் விரல் வைத்த அதே கருவி. அதைத் தெரிவு செய்ய எனக்கு ஒரு வருடமும் அவருடைய ஒரு கண்ணும் தேவைப்பட்டன.

டிகோடரை எஞ்சினுக்குள் நான்தான் பொருத்தினேன். சின்ன ஸ்பீக்கர், தலைமயிர் போல வயர்கள். ஈயத்தை உருக்கி ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். ஒரு வருட ஈரத்தில் கதவுப் பலகைகள் ஊதியிருந்தன. தண்டவாளத்தைத் துடைத்து, மூட்டுகளைத் தட்டிச் சரிசெய்து, எஞ்சினை வாழைச்சேனை ஸ்டேசனில் வைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவரைக் கதிரையில் கொண்டு வந்து இருத்தி, கருவியைக் கையில் கொடுத்தேன். விரலால் குமிழைத் தேடினார். கண்டுபிடித்தவுடன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

எஞ்சின் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். எனக்குக் கண் இருக்கிறது, நான் பார்த்தேன். குமிழை மெல்லத் திருப்பினார். எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்டேசனை விட்டு நகர்ந்தது. எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் சொன்னேன். வளைவு, ரோட்டுக் கடவை, பாலத்தின் வாசல்.

பாலத்தின் வாசலில் எஞ்சின் நின்றுவிட்டது. மோட்டாருக்கு நான் பற்றவைத்த வயர் விட்டுப்போயிருக்க வேண்டும். ஆனால் சத்தம் நிற்கவில்லை. சத்தத்துக்கு வேறு வயர். அவர் குமிழைக் கூட்டக் கூட்ட உறுமல் ஏறிக்கொண்டே போனது.

"பாலத்தில ஏறிட்டா?" என்று கேட்டார்.

என் சேவைக் காலத்தில் ஒரு தடவையாவது பொய்யாகப் பாதை காலி என்று சொன்னவன் இல்லை நான். "ஓம் காக்கா, ஏறிட்டுது" என்றேன்.

பாலத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்பது அவருடைய காலத்து விதி. குமிழைக் குறைத்தார். முகத்தைப் பாலம் இருக்கிற பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். நான் எஞ்சினை இரண்டு விரலால் பிடித்துத் தள்ளினேன். சில்லுகள் சுழலவில்லை, தகரப் பாலத்தின் மேல் கிறீச்சிட்டு இழுபட்டன. எஞ்சினின் உறுமலுக்கு ஏற்ற வேகத்தில், நடுப்பாலம் வரைக்கும் தள்ளினேன்.

"மாஸ்டர், கைய எடுங்க."

எடுத்தேன். அவர் குமிழை முழுதாகக் குறைத்தார். எஞ்சின் நடுப்பாலத்தில் நின்றபடி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. வயர்தான் விட்டிருக்கிறது, அரை மணித்தியாலத்தில் சரிப்பண்ணிவிடலாம் என்று நான் ஏதேதோ சொன்னேன். அவர் கருவியை மடியில் வைத்தார்.

"ஒரு குமிழ் போதும் எண்டு போன வருசமே சொன்னன்" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பாய்ந்திருப்பேன், வழக்கம் போல இரண்டு கிழமை சண்டை பிடித்திருப்போம்.